புதுப்பிப்பு: மலையக வரலாற்றுப் பேச்சு நடந்தது

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை நடந்த நம் முன்னோர் பற்றி, எங்கள் சின்ன அருங்காட்சியகத்தில் பேச ஆள் கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்தது! லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆச்சிகளே பேசினார்கள்.

தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்து நடை, வழியில் காலராவும் பசியும், 1914-இல் வந்த தலைமன்னார் ரயில், இலங்கைக்கு வருபவர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த மண்டபம் முகாம் எல்லாம் வந்தன. ஆனால் பேச்சு நின்றுபோனது மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பிரித்து ஏற்பதாகச் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில்தான். அக்கா இந்தியாவுக்குப் போக, தங்கை இங்கேயே தங்கிய கதையை ஓர் ஆச்சி சொன்னார். இதையெல்லாம் உடனே பதிவு செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், பழைய பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, குடும்பப் படம் இருந்தால் அடுத்த பேச்சுக்கு எடுத்துவாருங்கள். பிரதி எடுத்துவிட்டுக் கையோடு தந்துவிடுவோம்.