67 வயதில் தெரியவந்த எச்.ஐ.வி.: என் அனுபவம்

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது 67 வயதில்தான் தெரியவந்தது. அதற்கு முன்பே உடல் மெலிந்துகொண்டு வந்தது, இரவில் வியர்த்துக் கொட்டியது, அக்கி ஒருமுறை ஆறி மறுபடியும் வந்தது. நான் பார்த்த மருத்துவர்கள் எல்லாவற்றுக்கும் வயதையே காரணமாகச் சொன்னார்கள். கணவர் மறைந்தபின் எனக்கு ஒரு துணைவர் இருந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. ஒரு பாட்டியிடம் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கலாம். கருத்தரிக்கும் வயதைக் கடந்தவர்களிடம் ஆணுறை பற்றி எவரும் பேசுவதில்லை. ஆனால் மாதவிடாய் நின்றபின் பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிந்து எளிதில் கீறல் விழுவதால், தொற்று நுழையும் வாய்ப்பு அப்போது கூடுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டிய எச்.ஐ.வி. பரிசோதனை 13 முதல் 64 வயதோடு நின்றுவிடுகிறது. அந்த வரம்புக்கு வெளியே இருப்பவர்கள் தாமாகக் கேட்டால் ஒழியப் பரிசோதனை நடப்பது அரிது.

கடைசியில் நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்ந்தபோதுதான் இரத்தத்தைச் சோதித்தார்கள். நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளை அணுக்களான சிடி4 அணுக்கள், ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 200க்கும் கீழே இறங்கியிருந்தன. நோய் முற்றிய நிலை என்றார்கள். 1996க்கு முன்பு இந்த நிலையில் இருந்தவர்களுக்குப் பிழைக்க வழி மிகக் குறைவு. அந்த ஆண்டில் பரவலான கூட்டு மருந்துச் சிகிச்சைதான் இந்த நோயின் போக்கையே மாற்றியது. எனக்கும் மருந்து தொடங்கிய சில மாதங்களில் வைரஸ், பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்தது. அந்த அளவிலேயே நிலைத்திருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்று மருத்துவர் விளக்கியபோது, இத்தனை நாளும் மனத்தை அழுத்திய பாரம் இறங்கியது. சிடி4 எண்ணிக்கை மட்டும் மெதுவாகவே ஏறுகிறது. முதியவர்களுக்கு அது இயல்புதான் என்பதை அறியாமல் மருந்து வேலை செய்யவில்லை என்று கலங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சை மையத்தில் பழக்கமான பெரியவர் ஒருவரின் கதை இன்னும் வருத்தமானது. பேச்சில் தடுமாற்றம், நினைவுக் குறைவு, நடையில் தளர்ச்சி ஆகியவற்றை வீட்டார் முதுமையின் மறதி நோய் என்றே முடிவு செய்திருந்தார்கள். மூளையையும் எச்.ஐ.வி. பாதிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மருந்து தொடங்கியபின் அவர் ஓரளவு தெளிந்தார். பரிசோதனை முன்பே நடந்திருந்தால் இழப்பு குறைந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

எங்கள் வயதில் வேறு மாத்திரைகளும் இருக்கும் என்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் இரத்தத்தில் கூடும்படி செய்யும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோ வெறும் வயிற்றில் உடன் எடுத்தால் டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே மருத்துவர் எனக்கு மெட்ஃபார்மின் அளவைக் குறைத்து, கால்சியத்தை வேறு நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும், கடையில் நீங்களாக வாங்குபவை உட்பட, சிகிச்சை மையத்தில் காட்டுங்கள்.