சில்லர் அடிக்கடி நின்றுவிடுகிறது, ரிட்டர்ன் பம்ப் சுடுகிறது: என்ன செய்யலாம்?

அலையாத்தி (சிங்கப்பூர்)
வணக்கம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மூன்று வருடமாக 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு ஹேமர் பவளம், பவளம் போன்ற ஸோவாந்தஸ் கொஞ்சம். போன வாரம் இரண்டு தடவை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுவிட்டது. 26 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர், வேலை முடிந்து வந்து பார்த்தால் 29.8. ஹேமர் உள்ளே இழுத்துக்கொண்டு எலும்பு தெரியக் கிடந்தது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. கடையில் கேட்டால் சில்லரையே மாற்றச் சொல்கிறார்கள்.

கீழே இருக்கும் துணைத்தொட்டியான சம்ப்பைத் திறந்து பார்த்தேன். தண்ணீரை மேல்தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் கரகரவென்று சத்தம் போடுகிறது, மேலே போகும் தண்ணீர் பாதிகூட இல்லை. நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் நடுங்குகிறது, தட்டினால்தான் ஓடுகிறது. வாங்கியதிலிருந்து அதைக் கழற்றியதே இல்லை. இதற்கும் சில்லருக்கும் சம்பந்தம் உண்டா?

உவர்க்காற்று
இப்போதைக்குச் சில்லர் வாங்காதீர்கள். ரிட்டர்ன் குழாய் சில்லர் வழியாகப் போகிறது என்றால், ஓட்டம் குறைந்ததால்தான் அது நிற்கிறது. பம்ப்புக்குள் காரை ஏறியிருக்கும், பல்லில் ஏறுவது போலவே. கால்சியம் கார்பனேட் சூடான இடத்தில்தான் சீக்கிரம் படியும். பம்ப் சூடானால் படிவு கூடும், படிவு கூடினால் பம்ப் இன்னும் சூடாகும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், அப்புறம்தான் தண்ணீரில் கை. முன்மூடியைத் திருகிக் கழற்றி, இம்பெல்லரை (காந்தம் வைத்த சுழலி) நேராக இழுங்கள். காந்தம் விடாமல் பிடிக்கும், ஆனாலும் சாய்த்து நெம்ப வேண்டாம், பீங்கான் தண்டு பட்டென்று ஒடிந்துவிடும். பேக்கரி சாமான் கடையில் சிட்ரிக் அமிலம் கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம் கரைத்து, எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கியும் வெள்ளை மிச்சம் இருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கரையுங்கள். வெள்ளை வினிகரும் சமஅளவு தண்ணீரும் கலந்து ராத்திரி முழுக்கப் போட்டாலும் சரி. கழிப்பறை அமிலம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கழுவியதும் காந்தத்தைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். வீங்கியிருந்தாலோ கீறல் தட்டுப்பட்டாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் என் வேவ்மேக்கரின் காந்தத்தில் தலைமுடி அளவு வெடிப்பு இருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து துரு பிடித்து, பழுப்பாகக் கசிந்தது எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் பவளம் எதுவும் விரியவில்லை, ஐந்து வருடம் வளர்த்த டார்ச் பவளம் போயே போய்விட்டது. இன்றைக்கும் அந்த மூலையைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் காரத்தன்மை எவ்வளவு? காரத்தன்மைக் கரைசலைச் சொட்டவிடும் டோசிங் குழாய் எங்கே விழுகிறது?

அலையாத்தி
11.8 டிகேஎச். குழாய் ரிட்டர்ன் அறையில், பம்ப்புக்குப் பக்கத்திலேயே விழுகிறது.

உவர்க்காற்று
காரத்தன்மையும் அதிகம், குழாயும் தப்பான இடத்தில். அதுதான் காரணம். கரைசல் நன்றாகக் கலப்பதற்குள் பம்ப் உறிஞ்சிவிடுகிறது. மேல்தொட்டித் தண்ணீர் கொட்டும் முதல் அறைக்குக் குழாயை மாற்றுங்கள். கரைசலின் அளவைக் குறைத்து, காரத்தன்மையை 8.5 பக்கம் மெதுவாக இறங்க விடுங்கள். ஒரே நாளில் இறக்கினால் ஹேமர் தாங்காது.

நெய்தல்நிலம் (சென்னை)
இங்கே கடின பவளம் வைக்கச் சட்டம் இடம் தராது, 2001-லிருந்தே பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. என்னுடையது மீன் தொட்டிதான். ஆனாலும் பம்ப் பிரச்சினை ஒன்றுதான். மின்சாரம் போய் வரும்போதுதான் காரை பிடித்த பம்ப் கிளம்பாமல் நிற்கும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றுகிறேன். உதிரி இம்பெல்லர் ஒன்று அலமாரியில் எப்போதும் இருக்கும். சில்லரின் பின்பக்க வலையில் தூசியும் தட்டுங்கள். அப்புறம் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் காற்றுக்குழாய் நுனியில் உப்புக்கட்டி அடைத்திருக்கும், வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும்.

அலையாத்தி
நேற்று ராத்திரி செய்தேன். மூடியைத் திறந்ததும் முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளைத் தகடு அப்படியே கழன்று வந்தது. இரண்டு தடவை ஊறவைத்தேன். காந்தம் வழவழப்பாக இருக்கிறது, ரப்பர் வளையம் ஒன்று மட்டும் கிழிந்திருந்தது, மாற்றிவிட்டேன். இப்போது பம்ப் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. காலையில் 26.1. ஹேமர் பாதி விரிந்திருக்கிறது.