ஏரோ இந்தியாவில் வெளிநாட்டு ராணுவக் குழுவுக்கு வழிகாட்டும்போது கையை எப்படிக் காட்டுவது?

முருகேஷ்பாளையம்_மீனா

வணக்கம். பெங்களூரு எலஹங்கா விமானப்படைத் தளத்தில் நடக்கும் அடுத்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து தன்னார்வலர் குழு போகிறது. பொதுமக்களை விடுவதற்கு முந்தைய வணிக நாட்களில்தான் எங்களுக்கு வேலை. வெளிநாட்டு ராணுவ அதிகாரிகளை வாசலில் வரவேற்று, அரங்கு அரங்காகக் கூட்டிப்போய், பறக்கும் காட்சி நேரத்தில் இருக்கையில் உட்காரவைக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் "விரலை நீட்டாதீங்க" என்று ஒரு வரி சொன்னதோடு சரி.

விரல் நீட்டாமல் இடம் காட்டுவது எப்படி? யூனிஃபார்மில் வருபவருக்கு சல்யூட் வைக்கணுமா? தூரத்தில் நிற்பவரை எப்படிக் கூப்பிடுவது? ஃபோட்டோவில் கட்டைவிரல், இரண்டு விரல் எல்லாம் காட்டலாமா? எந்த நாட்டுக் குழு என்பது முந்தைய நாள் மாலைதான் தெரியுமாம். அதனால் யாருக்கும் உறுத்தாத பொது முறை இருந்தால் நல்லது.

சாப்பர்_தம்பி

சல்யூட்டை முதல்ல முடிச்சுடலாம்மா. நீங்க சிவிலியன், உங்களுக்கு சல்யூட் கிடையாது. நம்ம படையிலேயே தலையில் தொப்பியோ தலைப்பாகையோ இல்லாதவர் சாவ்தானில் (அட்டென்ஷனில்) நிற்பாரே தவிர கையைத் தூக்க மாட்டார். வர்ற அதிகாரி உங்களைப் பார்த்து சல்யூட் வெச்சா, நின்னு, முகத்தைப் பார்த்து, தலையை லேசா அசைச்சு "குட் மார்னிங் சார்" சொன்னா போதும். கைகூப்பினாலும் சரி. பழக்கமில்லாத கையை நெற்றிக்குக் கொண்டு போறதுதான் பார்க்க அசிங்கமா இருக்கும்.

எது யாரோட சல்யூட்னு தெரிஞ்சு வெச்சுக்கலாம். நம்ம தரைப்படையில் உள்ளங்கை எதிரில் இருப்பவரைப் பார்க்கும், கடற்படையில் கீழே பார்க்கும். விமானப்படை 2006-ல் மாத்திக்கிட்டாங்க, இப்போ 45 டிகிரி சாய்வு. எலஹங்கா அவங்க தளம், அதைத்தான் அதிகம் பார்ப்பீங்க. அமெரிக்கர் உள்ளங்கையைக் காட்டவே மாட்டார். போலந்துக்காரர் இரண்டே விரலை ஒட்டி தொப்பி விளிம்புக்குக் கொண்டு போவார். விளையாடுறார்னு சிரிச்சுடாதீங்க, அவங்க படை முறையே அதுதான். பிற நாட்டு தேசிய கீதம் இசைச்சா இரண்டு கையும் பக்கவாட்டில் ஒட்டி நேரா நில்லுங்க. பக்கத்துல ஒரு அமெரிக்கர் நெஞ்சில் கை வெச்சிருக்கார்னு நாமும் வைக்க வேண்டாம்.

அடுத்து இடம் காட்டுறது. வலது கை. நாலு விரலும் ஒட்டி, கட்டைவிரல் ஆள்காட்டி விரலோரம் படிஞ்சு இருக்கணும். முழங்கை விலாவிலிருந்து ஒரு சாண் தள்ளி, மடங்கியே இருக்கட்டும். உள்ளங்கை பாதி மேலே பார்க்கணும். கை இடுப்புக்கும் மார்புக்கும் நடு உயரத்தில். முதல்ல விருந்தினர் கண்ணைப் பாருங்க, பிறகு இடத்தைப் பாருங்க, கையும் பார்வையோட சேர்ந்தே போகட்டும், இரண்டு விநாடி நிறுத்திட்டு மறுபடி அவர் முகத்துக்குத் திரும்புங்க. பார்வை திரும்பாம கை மட்டும் போனா "அந்தப் பக்கம் போய்த் தொலை"ங்கிற மாதிரி ஆயிடும்.

வழக்கமா நடக்கிற தப்பு மூணு. உள்ளங்கையைச் செங்குத்தா வெட்டுற மாதிரி பிடிச்சா அது டிரில் உஸ்தாத் (அணிவகுப்புப் பயிற்சியாளர்) திட்டுற கை. எந்த நாட்டு சிப்பாய்க்கும் அந்தக் கையைத் தெரியும். முழங்கையை முழுசா நீட்டினா நெரிசல்ல குறுக்கே வர்றவர் மூக்கில் இடிக்கும். மூணாவது, வலது கையில் கோப்போ ஃபோனோ இருந்தா இடது கை தானா எழும்பும். அரபு நாடுகள், இந்தோனேசியா, கானா, நைஜீரியா ஆட்களுக்கு இடது கையால் காட்டினா உறுத்தும், நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கும்தான். அதனால காலையில் கிளம்பும்போதே எல்லாச் சாமானையும் இடது கைக்கு மாத்திடுங்க.

ஆளை வெறும் கையால் மட்டும் அடையாளம் காட்டாதீங்க. பதவியும் பேரும் சொல்லி, கையைத் திறந்து, பதவியில் இளையவரை மூத்தவருக்கு அறிமுகம் செய்யணும்.

ராணுவத்துக்காரங்க இதுல ஏன் இவ்வளவு கவனம்னா, களத்தில் யார் கையை நீட்டி ஆணையிடுறாரோ, யாருக்கு மத்தவங்க சல்யூட் வைக்கிறாங்களோ, அவர்தான் கமாண்டர்னு தூரத்துல இருக்கிற ஸ்னைப்பர் கண்டுபிடிச்சுடுவான். அதனால முன்னணியில் சல்யூட்டே தவிர்ப்பாங்க, மேப்பை விரிச்சு விரல் வைக்கிறதும் மறைவுக்குள்ளேதான். இன்னொண்ணு, கட்டைவிரலும் ஆள்காட்டியும் நீட்டித் துப்பாக்கி மாதிரி காட்டுறது ராணுவ வளாகத்துல விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

இந்திராநகர்_துபாஷி

மேலே உள்ளதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நாடுவாரியாகச் சில விவரம் சேர்க்கிறேன்.

முதலில் அவர்கள் காட்டுவதை நாம் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மலேசியர், இந்தோனேசியர் நான்கு விரலை மடக்கி, வலது கட்டைவிரலை அதன்மேல் வைத்து, அதால் திசை காட்டுவார்கள். அது அவர்களிடம் மரியாதை. பிலிப்பைன்ஸ்காரர் உதட்டைக் குவித்து ஒரு பக்கம் காட்டினால் வழி சொல்கிறார் என்று பொருள், வேறொன்றுமில்லை.

கூப்பிடுவதில்தான் உண்மையான தொல்லை. ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுண்டிக் கூப்பிடுவது பிலிப்பைன்ஸ், கொரியா, வியட்நாம் பக்கம் நாயைக் கூப்பிடும் கை. நாம் உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை அசைத்துக் கூப்பிடுவோமே, அதை ஆசியாவில் பல இடங்களில் புரிந்துகொள்வார்கள். பிரிட்டிஷ்காரருக்கும் அமெரிக்கருக்கும் அது "போ" என்றோ "போய்வருகிறேன்" என்றோ தெரியும். இரண்டையும் விடுங்கள். நடந்து போங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று, பதவி சொல்லி அழைத்து, திறந்த கையால் வழியைக் காட்டுங்கள். வணிக நாள் கூட்டத்தில் இதற்கு அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மதிய உணவு நேரத்துக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஆட்கள் ஐந்து விரலையும் மேல்நோக்கிக் குவித்து, "சாப்பிட வாங்க" என்று தூரத்திலிருந்தே ஆட்டுவார்கள். கை வாய்வரை போகாமல் மார்பளவில் ஆடினால் அரபு விருந்தினருக்கு அது "கொஞ்சம் பொறுங்கள்". அவர் மரியாதையாக அங்கேயே நிற்பார், நீங்கள் இங்கே காத்திருப்பீர்கள். இத்தாலியருக்கோ அதே கை "என்னய்யா வேணும் உனக்கு?".

கிரேக்கக் குழு வந்தால் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். அங்கே அது பழைய வசவு. "நில்லுங்கள்", "ஐந்து நிமிடம்" இரண்டுக்கும் நாம் அந்தக் கையைத்தான் காட்டுவோம். ஐந்து என்று காட்டியே ஆகவேண்டுமென்றால் உள்ளங்கை உங்கள் பக்கம் இருக்கட்டும்.

வளைகுடாப் பெண் அதிகாரிகளுக்கு ஆண்களும், ஆண் அதிகாரிகளுக்குப் பெண்களும் முதலில் கை நீட்டவேண்டாம். அவர் நீட்டினால் கொடுக்கலாம். இல்லையென்றால் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்துவது அழகாகவே இருக்கும்.

ஃபோட்டோவுக்குச் சுருக்கமான பதில்: கைகளை முன்னால் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலை உள்ளங்கை தன் பக்கம் இருக்கும்படி காட்டுவது பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் கெட்ட சைகை. 1992-ல் கான்பெராவில் காருக்குள்ளிருந்து அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷே அப்படிக் காட்டிச் செய்தியானார். கட்டைவிரலும் ஆள்காட்டியும் வட்டமாகச் சேர்க்கும் "ஓகே" கை பிரேசிலிலும் துருக்கியிலும் ஆபாசம். அமெரிக்காவில் அது வெள்ளை இனவாதிகளின் குறியாகவும் திரிந்துவிட்டது. 2019 டிசம்பரில் ராணுவ-கடற்படை ஃபுட்பால் ஆட்டத்தில் கேடட்டுகள் டிவி கேமரா முன் அதைக் காட்ட, விசாரணையே நடந்தது. வெறும் விளையாட்டு என்று முடிவானது. யூனிஃபார்மில் இருப்பவர் பக்கத்தில் நின்று நீங்கள் அதைக் காட்டினால் மாட்டிக்கொள்வது அவர்தான்.

பரதம் கற்றவர்கள் குழுவில் இருந்தால் இதையும் கேளுங்கள். நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரலைத் தொட, மற்ற இரண்டும் நிமிர்ந்து நிற்கும் சிம்மமுகம், துருக்கியின் தீவிர தேசியவாதிகள் காட்டும் ஓநாய்க் கையேதான். ஆஸ்திரியாவில் 2019 முதல் அதற்குத் தடை. 2024 யூரோ கோப்பையில் ஒரு துருக்கி வீரர் கோல் போட்டுவிட்டு அதைக் காட்டி இரண்டு ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டார். மேடையில் ஆடும்போது யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். துருக்கி அதிகாரியோடு ஃபோட்டோ எடுக்கும்போது வேண்டாம்.

டார்மாக்_தாஸ்

சைகை மரியாதையைப் பத்தி நிறைய வந்தாச்சு. பறக்கும் காட்சி நேரத்துல சந்திக்கப்போற வேறொரு சிக்கல்: விரல் நீட்டினாலும் எதிராளிக்கு இடம் தெரியாது.

காரணம் ரொம்ப எளிது. காட்டுறவர் தன் கண், விரல் நுனி, விமானம் மூணையும் ஒரே கோட்டுல வைக்கிறார். பார்க்கிறவர் அந்தக் கோட்டைப் பார்க்கிறதில்லை. உங்க தோளிலிருந்து கை போற கோட்டை நீட்டிப் பார்க்கிறார். தோளுக்குக் கண் சுமார் 25 சென்டிமீட்டர் மேலே, கை நீளம் சுமார் 70. கணக்குப் போட்டா இரண்டு கோட்டுக்கும் கிட்டத்தட்ட 20 டிகிரி வித்தியாசம். அதனால அவர் எப்பவும் நீங்க காட்டுற இடத்துக்கு மேலேயே தேடுவார். நீங்க "அங்க, அங்க"ன்னு கையை இன்னும் ஆட்டுவீங்க, விமானம் போயிடும்.

என்சிசியில் சொல்லிக்கொடுக்கிற முறை இங்க நல்லா உதவும். முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பொருளைப் பிடிங்க: கட்டுப்பாட்டுக் கோபுரம், நீர்த்தொட்டி, ஏதாவது. அதிலிருந்து இடமா வலமான்னு சொல்லுங்க. "கால் இடது" 22.5 டிகிரி, "அரை இடது" 45, "முழு இடது" 90. சின்ன தூரத்துக்கு முஷ்டி போதும்: கையை முழுசா நீட்டி மடக்கின முஷ்டியோட அகலம் ஏறக்குறைய 8 முதல் 10 டிகிரி. "கோபுரத்துக்கு வலப்பக்கம் ரெண்டு முஷ்டி, அதுக்கு மேல ஒரு முஷ்டி." இதை ஆங்கிலத்துல சொன்னா எந்த நாட்டு அதிகாரியும் உடனே பிடிச்சுப்பார், இது அவர் படிச்ச பாடம்.

கடிகார முறையும் உண்டு, ஆனா பன்னிரண்டு எதுன்னு முன்னாடியே பேசிக்கணும். பைலட்டுக்குப் பன்னிரண்டு அவர் விமானத்தோட மூக்கு. உட்கார்ந்திருக்கிறவருக்கு அவர் முகம் பார்க்கிற பக்கம். ஒருத்தர் திரும்பி உட்கார்ந்திருந்தாலே எல்லாம் மாறிடும். "நேரே எதிரில் ஓடுபாதை, அதுதான் பன்னிரண்டு"ன்னு இருக்கையில் அமர்ந்ததும் ஒருதரம் சொல்லிடுங்க.

அடுத்தது கண்டிப்பான விஷயம். விமானம் நிறுத்துற பகுதிக்குப் பக்கத்துல கையைத் தலைக்கு மேல தூக்கி யாரையும் கூப்பிடாதீங்க, டாட்டா காட்டாதீங்க. அங்க ஒவ்வொரு கையசைவுக்கும் சர்வதேச விதிப்படி ஒரு அர்த்தம் இருக்கு. தலைக்கு மேல இரண்டு கையும் குறுக்கே வந்தா "நில்". திறந்த உள்ளங்கையைத் தோளுக்குச் சற்று மேல தூக்கி, பைலட் கண்ணைப் பார்த்து, முஷ்டியா மூடினா "பிரேக் போடு". பைலட் கட்டைவிரல் காட்டுற வரை மார்ஷல் (தரையில் நின்னு விமானத்துக்குக் கையால் வழிகாட்டுறவர்) அசையக்கூடாது. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தா "எஞ்ஜினை அணை". அதே தூக்கின முஷ்டி அமெரிக்கத் தரைப்படைக்கு "அசையாம நில்". படிச்சவங்களுக்குள்ள மட்டும்தான் இது வேலை செய்யும். இராக் சோதனைச் சாவடிகள்ல முஷ்டியைத் தூக்கிக் காட்டினப்போ எதிரில் கார் ஓட்டி வந்த சாதாரண ஜனங்களுக்கு ஒண்ணும் புரியாம போனது அதனாலதான்.

அல்சூர்_வாசி

இரான், ஆப்கானிஸ்தான் பக்கம் கட்டைவிரல் காட்டுறது வசவுன்னு சொல்வாங்க. ஃபோட்டோவில்கூட காட்டாம கையைக் கோத்துக்கிற அளவுக்குப் பயம் தேவையா? இரான்காரங்க, ஆப்கானியர் எல்லாருமே வாட்ஸ்அப்பில் அதைத்தானே அனுப்புறாங்க?

இந்திராநகர்_துபாஷி

இளையவர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. இரான், ஆப்கானிஸ்தான், மேற்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அது பழைய வசவு, இப்போது தேய்ந்துவருகிறது. ஆனால் குழுவுக்குத் தலைமை தாங்கி வருபவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர். தொழில் சைகை என்றால் கவலையே இல்லை, இரானிய பைலட்டும் மார்ஷலுக்குக் கட்டைவிரல் காட்டுவார். கடற்படை முக்குளிப்பவரிடம் மட்டும் "எல்லாம் சரியா" என்று அதைக் காட்டாதீர்கள். தண்ணீருக்குள் அதன் அர்த்தம் "மேலே போகிறேன்".

முருகேஷ்பாளையம்_மீனா

எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும்: அரங்கு எண்ணை விரலால் காட்டலாமா? சத்தத்தில் பேச்சு கேட்காது என்கிறார்கள்.

சாப்பர்_தம்பி

வேண்டாம்மா, அதுவும் மூணாம் எண்ணை. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணையும் ஒட்டிக் கையை உயரத் தூக்கினா, தாய்லாந்தில் 2014 ராணுவப் புரட்சிக்கு அப்புறமும் மியான்மரில் 2021-க்கு அப்புறமும் ராணுவ ஆட்சியை எதிர்த்தவங்க காட்டின சைகை அது. அந்த நாட்டு ஜெனரலை வரவேற்கும்போது அதைக் காட்டினா எப்படி இருக்கும்! மத்த எண்ணும் குழப்பம்தான்: ஜெர்மானியர் கட்டைவிரல்ல இருந்து எண்ணுவார், சீனர் ஆறிலிருந்து பத்து வரை ஒரே கையில் வேற மாதிரி காட்டுவார், நான் மேலே வேண்டாம்னு சொன்ன துப்பாக்கிக் கை அவருக்கு எட்டு.

ஏ4 தாள்ல எண்ணைப் பெருசா அச்சடிச்சு, லேமினேட் பண்ணி, இடது கையில் வெச்சுக்குங்க. ஒரு பக்கம் அரங்கு எண், மறுபக்கம் சாலே (நிறுவனங்கள் விருந்தினரை உட்காரவைக்கிற கூடம்) எண். தாளை மார்பளவில் இரண்டு கையாலும் பிடிச்சுக் காட்டுங்க.