பைய இறக்கு

நான் பிறந்தது சீர்காழியில். 1994-ஆம் ஆண்டு திருமணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். கைலியைச் சாரம் என்பதையும், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்பதையும் மறுவீட்டுச் சொதி விருந்து முடிந்த ஒரு வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். தெரியாத சொல்லாக இருந்தால் பொருள் கேட்டுவிடலாம். நன்கு தெரிந்த சொல்லாகவே காதில் விழுந்த ஒன்றுதான் எங்களுக்குள் முதல் மனத்தாங்கலை உண்டாக்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நெல்லையப்பர் கோயிலுக்குச் செல்ல என் கணவரும் நானும் அத்தையும் நகரப் பேருந்தில் ஏறினோம். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. தேங்காய் பழம் வைத்திருந்த பை இருக்கைக்கு அடியில் இருந்தது. டவுன் ஆர்ச் அருகே பேருந்து நின்றதும் முதலில் இறங்கிய என் கணவர், சன்னல் வழியாக, "பைய எறக்கு, பைய எறக்கு" என்று இருமுறை சொல்லிவிட்டுப் பூ வாங்கத் திரும்பிவிட்டார். அவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறாரே என்று நான் பையை எடுத்துக்கொண்டு விரைந்து இறங்கினேன். அத்தை எழுந்திருப்பதற்குள் பேருந்து புறப்பட்டுவிட்டது. கைப்பேசி இல்லாத காலம் அது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அந்த வலியோடு கால் மணி நேரம் நடந்து அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் வலிக்கிறது.

தம் தாயை வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்று அவர் எண்ணினார். சொன்னதைச் செய்ததற்கா இந்தக் கோபம் என்று நான் எண்ணினேன். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் மாமா எங்கள் இருவரையும் தனித்தனியே விசாரித்தார். நான் அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னதும், சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து அவர் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து அத்தையும் வந்துவிட்டார். நெல்லையில் 'பைய' என்றால் மெதுவாக என்று பொருள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா அதோடு விடவில்லை. "சம்பந்தர் உங்க ஊர்க்காரர்தானம்மா? மடத்தில் வைத்த தீ 'பையவே சென்று பாண்டியற்கு ஆகவே' என்று பாடினாரே!" என்றார். பாண்டியனின் மனைவி மங்கையர்க்கரசியாரின் மங்கல நாணைக் காக்கவே அந்தத் தீயை மெதுவாகப் போகச் சொன்னார் என்பது சேக்கிழார் தரும் விளக்கம் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். எங்கள் ஊர்ப் பிள்ளை பாடிய சொல்லை எங்கள் பக்கத்துப் பேச்சு எப்போது கைவிட்டதோ, இந்த ஊர் அதை அன்றாடம் காப்பாற்றி வருகிறது. கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் என் கையிலிருந்த காப்பித் தம்ளரைப் பைய வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேருந்தில் ஏறினால் அத்தை பையைத் தம் மடியிலேயே வைத்துக்கொள்வார். கேட்டால், "இனி எந்தப் பைய எறக்குனாலும் நானும் சேந்து எறங்கிருவேன்லா" என்பார்.