'சிக்கல்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

புதுவாசகி:
என் மகள் கட்டுரையில் "சிக்கல் தெளிந்தது" என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதை அடித்துவிட்டு "அவிழ்ந்தது" என்று திருத்தியிருக்கிறார். சிக்கல், குழப்பம் இரண்டும் ஒன்றுதானே என்கிறாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்தச் சொல்லுக்கு மூலம் என்ன?

தறிநாடா:
டீச்சர் திருத்தியது சரிதான். 'சிக்கு' என்ற வினையிலிருந்து வந்தது சிக்கல். வலையில் மீன் சிக்கும், முள்ளில் சேலை சிக்கும், எண்ணெய் காணாத தலை சிக்குப் பிடிக்கும். மாட்டிக்கொள்வது, பின்னிக்கொள்வது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் தறி இருந்தது. தார் சுற்றும்போது, அதாவது நெசவுக்கான நூலைக் குழலில் சுற்றும்போது, சிட்டத்தில் (நூல் கற்றையில்) நூல் சிக்கினால் அப்பா யாரையும் இழுக்க விடமாட்டார். ஒரு முனையை இழுத்தால் உள்ளே இருக்கிற வளையம் எல்லாம் ஒன்றாக இறுகிவிடும். மடியில் போட்டு, விரலால் மெல்ல உதறிவிட்டு, எந்த இடம் தளர்ந்திருக்கிறதோ அங்கிருந்துதான் பிரிப்பார். அரை மணி நேரம்கூட ஆகும், நூல் அறாது. சிக்கல் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த மடிதான் நினைவுக்கு வரும்.

குழப்பம் தண்ணீர்ச் சொல். குட்டையைக் குழப்பி மீன் பிடிக்கிறான் என்கிறோமே, அந்தக் குழப்பம். கலங்கின தண்ணீர் சும்மா விட்டாலே தெளியும். சிக்கின நூலுக்குக் கை வேண்டும். அதனால்தான் குழப்பம் தெளிகிறது, சிக்கல் அவிழ்கிறது.

ஏட்டுச்சுவடி:
தெலுங்கிலும் 'சிக்கு' என்றால் இதே பின்னல்தான். கன்னடத்தில் 'சிக்கு' என்றால் அகப்படு, கிடை என்ற பொருளும் உண்டு. அப்புறம், மாணிக்கவாசகர் "சிக்கெனப் பிடித்தேன்" என்று பாடுகிறார். அங்கே இறுக்கமாக, விடாமல் என்று பொருள். தறிநாடா சொன்ன இறுகும் நூலை நினைத்துக்கொண்டு படித்தால் அந்த வரி இன்னும் பிடிக்கிறது.

கடலோரம்:
நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிக்கல் என்றே ஊர் இருக்கிறது, சிங்காரவேலர் கோயில் உள்ள ஊர். வசிட்டர் வெண்ணெயில் லிங்கம் பிடித்து வழிபட்டார், பிறகு எடுக்கப் பார்த்தால் சிக்கிக்கொண்டு வரவில்லை என்பது தலபுராணம். சுவாமி பெயரே வெண்ணெய்நாதர்.

புதுவாசகி:
எல்லோருக்கும் நன்றி. இடியாப்பச் சிக்கல் என்பதும் இப்போதுதான் புரிகிறது, எந்த இழைக்கு எது முனை என்றே தெரியாதே! மகள் இன்னொன்று கேட்கிறாள்: "சிக்கல் தீர்ந்தது" என்று எழுதலாமா?

தறிநாடா:
தாராளமாக எழுதலாம். 'தீர்ந்தது' இரண்டுக்கும் பொருந்தும். நூல்கண்டு ஒன்றைச் சிக்கவைத்து அவள் கையில் கொடுங்கள்.