மண் ஈர நிலைப்பு: ஒரு பரிந்துரை

வணக்கம். ஆங்கிலத்தில் 'சாயில் மாய்ஸ்சர் மெமரி' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு என் பரிந்துரை இது. எழுந்த கேள்விகளுக்குப் பதிலாகவே எழுதுகிறேன்.

> "மண் நினைவாற்றல்" என்றே இருக்கட்டுமே, ஆங்கிலத்தில் மெமரி என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள், ஆனால் இதில் ஆற்றல் எங்கிருந்து வந்தது? வழக்கமான ஈர அளவிலிருந்து மண் ஒருமுறை விலகிவிட்டால், அந்த விலகல் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதுதான் இங்கே கணக்கு. தொடக்க விலகல் ஏறத்தாழ 37 சதவீதமாகத் தேய ஆகும் காலத்தை அளவாகக் கொள்வது வழக்கம். நினைவாற்றல் என்றாலே எனக்கு வல்லாரை லேகியம்தான் கண்முன் வருகிறது.

> உழவர் வழக்கில் "ஈரம் தாங்குதல்" இருக்கிறதே?

அருமையான சொல். ஜெய்சல்மேர்ப் பக்கம் 'கடீன்' என்றொரு முறை உண்டு. பாறைச் சரிவில் வழிந்துவரும் மழைநீரைத் தாழ்வான நிலத்தின் குறுக்கே மண்கரை போட்டுத் தேக்குவார்கள். தண்ணீர் வடிந்ததும் அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 200 மி.மீ. மழைகூட இல்லாத வட்டாரம் அது! நம் டெல்டாவில் நெல் அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே மண் மெழுகு பதத்தில் இருக்கையில் உளுந்து தெளிப்பதும் இதே சூட்சுமம்தான். இங்கெல்லாம் "ஈரம் தாங்குதல்" கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் ஈரம் மட்டுமா, மண்ணின் காய்ச்சலும், அதாவது வறட்சியும், நீடிக்குமே! ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாகேல் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் மழை. நடுவில் மழை இடைவெளி விட்டால் மணற்பாங்கான மேல்மண் சில நாளில் காய்ந்துவிடும். ஆவியாக ஈரம் இல்லாதபோது வெயிலின் வெப்பத்தில் பெரும்பங்கு காற்றைச் சூடாக்கவே போகிறது. சூடான காற்று மிச்சம் மீதி ஈரத்தையும் உறிஞ்சுகிறது. 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதனால் புவி சூடேறும்போது, பெய்த மழை அதேதான் என்றாலும் மண் முன்னைவிடச் சீக்கிரம் காயக்கூடும். இப்படி நீளும் காய்ச்சலை "ஈரம் தாங்குதல்" என்று எழுதினால் வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

ஆகவே "மண் ஈர நிலைப்பு" என்று வைக்கலாம். ஈரம் நீடித்தாலும் காய்ச்சல் நீடித்தாலும் நிலைப்புதான். நாட்கணக்குக்கு "நிலைப்புக் காலம்". சேர்த்து "மண்ணீர" என்று எழுத வேண்டாம். பாதிப்பேர் மண்ணீரல் என்று படித்து, கட்டுரை மருத்துவப் பகுதிக்குப் போய்விடும்.

முன்னால் "மேல்மண்" அல்லது "வேர்மண்டல" என்ற அடையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். மண் ஈரத்தை அளக்க 2015-இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் நேரடியாக உணர்வது மேலே 5 செ.மீ. ஆழத்தைத்தான். அங்கே நிலைப்பு பெரும்பாலும் நாட்கணக்கு. வேர்மண்டலத்தில் வாரக்கணக்கு, மாதக்கணக்கும் ஆகலாம். வறண்ட நிலத்தில் இந்த வித்தியாசம்தான் பயிரின் தலையெழுத்து.

வழக்கமான அளவிலிருந்து மாறுபடுவதைச் சொல்லும் ஆங்கில "அனாமலி"க்கு மேலே "விலகல்" என்று எழுதிவிட்டேன். புள்ளியியலில் திட்ட விலக்கம் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) இருப்பதால் குழம்புமோ? "பிறழ்வு" என்றால் மனநோய் வாடை அடிக்கிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.