ரோஜா இலையில் கரும்புள்ளி: மருந்து அடித்தும் நிற்கவில்லை

தாம்பரம் மாடி:
எல்லாருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் குரோபேக்கில் ரோஜா வைத்திருக்கிறேன். இந்த மழை ஆரம்பித்ததிலிருந்து சிவப்பு ஒட்டு ரோஜாவின் அடி இலைகளில் கறுப்பாக வட்ட வட்டமாகப் புள்ளி. ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது. புள்ளியைச் சுற்றி மஞ்சளாகி, தொட்டாலே இலை உதிர்கிறது. பாதிச் செடி மொட்டையாகிவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் எட்வர்ட் ரோஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நர்சரியில் நனையும் கந்தகம் (தண்ணீரில் கரைத்து அடிக்கும் கந்தகத் தூள்) கொடுத்தார்கள், அடித்தேன், பலன் இல்லை. மழை இல்லாத நாளில் ஆபீஸ் முடிந்து வந்ததும் ஹோஸ் பிடித்துச் செடி முழுக்க நனைத்துவிடுவேன். வேறென்ன செய்யலாம்? வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள், இதழைப் பிய்த்து வாயில் போடுவாள். அதனால் கடுமையான மருந்துக்குப் பயமாக இருக்கிறது.

வைகைக்கரை:
சிஸ்டர், புளித்த மோரில் கொஞ்சம் பெருங்காயம் கரைத்துத் தெளித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் எல்லாச் செடிக்கும் அதுதான்.

ஓசூர் பழைய கை:
அம்மா, நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு இது கரும்புள்ளி நோய்தான். டிப்ளோகார்ப்பான் ரோசே என்ற பூஞ்சணம். கந்தகம் சாம்பல் நோய்க்குத்தான் நன்றாகக் கேட்கும். இலை மேல் வெள்ளை மாவு தூவின மாதிரி இருக்குமே, அது. இரண்டுக்கும் ஒரே டப்பாவை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் மாதத்தில் கந்தகம் அடித்தால் இலையே கருகும், அதையும் சொல்வதில்லை.

நான் ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் சூப்பர்வைசராக இருந்தவன். பாலிஹவுஸுக்குள், அதாவது மழை படாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள், சாம்பல் நோய் எங்கள் உயிரை வாங்கும். கரும்புள்ளி அவ்வளவாக வராது. அதே செடியை வெளியே மழையில் வைத்தால் வந்துவிடும். காரணம் தண்ணீர். இந்தப் பூஞ்சண வித்து முளைக்க இலை ஏறக்குறைய 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். 20, 25 டிகிரி சூடு அதற்கு ரொம்ப இதம். நீங்கள் சாயந்திரம் நனைத்தால் காலை வெயில் வரும்வரை இலை காயாது. சொட்டுத் தெறித்தே வித்து அடுத்த இலைக்குப் போகும். ஆகவே முதல் வேலை, ஹோஸைக் கீழே இறக்குங்கள். காலையில், வேரடியில் மட்டும் தண்ணீர். பைகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் காற்று ஓடும். மழையில் நனையாத இடமிருந்தால் ஒட்டுச் செடியை அங்கே நகர்த்துங்கள், வெயில் மட்டும் குறையக் கூடாது.

புள்ளி விழுந்த இலை, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். வீட்டுக் கம்போஸ்ட் தொட்டியில் வேண்டாம், அந்தச் சூட்டில் பூஞ்சணம் சாகும் என்று நம்ப முடியாது. பச்சையாக இருக்கும் இலையை உருவிவிடாதீர்கள், செடிக்குச் சாப்பாடு அதுதான்.

அப்புறம் மருந்து. மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கமும் நனைய அடிக்க வேண்டும். அது இலை மேல் படலமாக நிற்கிற மருந்து, நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். கார்பென்டசிம் 1 கிராம் போதும், இலைக்குள் இறங்கும். அதையே விடாமல் அடித்தால் பூஞ்சணம் பழகிவிடும், மாற்றி மாற்றித்தான் அடிக்க வேண்டும். கையுறை, முகமூடி கட்டாயம். சமையலறைக் கரண்டியைத் தொடக் கூடாது.

மோர் தெளிப்பதால் கெடுதல் இல்லை, வைகைக்கரை கோபிக்க வேண்டாம். ஆனால் மழை மாதத்தில் அது கரும்புள்ளியை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

தாம்பரம் மாடி:
ரொம்ப நன்றி ஐயா. சூடோமோனாஸ் தூள் ஒரு பாக்கெட் இருக்கிறது, மேன்கோசெப்போடு கலக்கலாமா? இப்போதே கிளையை வெட்டிக் கவாத்து செய்துவிடலாமா? பாப்பாவை என்ன செய்வது?

ஓசூர் பழைய கை:
கலக்காதீர்கள். சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா, ரசாயனத்தோடு ஒரே டப்பாவில் போட்டால் காசுக்குத்தான் கேடு. குழந்தை மாடிக்கு வருகிறாள் என்றால் நானாக இருந்தால் மேன்கோசெப் பக்கமே போக மாட்டேன். தண்ணீரைத் திருத்தி, இலை பொறுக்கி, சூடோமோனாஸ் மட்டும் லிட்டருக்கு 10 கிராம் வைத்துத் தெளித்துக்கொண்டு வருவேன். மெதுவாகத்தான் கேட்கும். புள்ளி விழுந்த இலை எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது, புதுத் துளிர் சுத்தமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ரசாயனம்தான் அடிப்பேன் என்றால் மொட்டு, பூ எல்லாவற்றையும் முதலில் கிள்ளிவிடுங்கள். அடித்த செடியின் பூ வாய்க்கும் போகக் கூடாது, குல்கந்துக்கும் ஆகாது.

கவாத்து மழை ஓய்ந்த பிறகு. ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் வழியாக நுனிக்கருகல் இறங்கும். வெட்டின இடத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சண மருந்தைக் குழைத்துத் தடவுங்கள். தண்டில் கறுப்புத் திட்டு இருந்தால் அந்தக் குச்சியும் போக வேண்டும், நோய் அதில் தங்கி அடுத்த மழைக்குக் கிளம்பும்.

வைகைக்கரை:
கோபமெல்லாம் இல்லை சார். எட்வர்டுக்கு ஏன் வரவில்லை என்று சொல்லவில்லையே?

ஓசூர் பழைய கை:
ரகத்துக்கு ரகம் தாங்கும் சக்தி மாறும். அது கெட்டியான பழைய ரகம். வராது என்று எழுதிக் கொடுக்க மாட்டேன், பக்கத்திலேயே நோய்ச் செடி நிற்கிறது. அதன் அடி இலைகளையும் வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.